சந்தேகம் இல்லாத இடத்தில் டெஸ்ட் எடுத்தால் பயம்தான் மிச்சம்

(நீண்ட த்ரெட்)

1/ முதலிலேயே தெளிவா சொல்லிடறேன். நான் டெஸ்ட்டுகளுக்கு எதிரி இல்லை. லேப் இல்லாமல் என் ஓபி ஒரு நாள்கூட ஓடாது. என் கோபம் வேறொன்றின் மேல். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, டாக்டருக்கு ஒரு சந்தேகமும் இல்லை, ஆனாலும் "எதுக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுத்துடலாம்" என்கிற பழக்கம். அதை ஆடித் தள்ளுபடி மாதிரி விற்கிற வியாபாரம். அதைப் பார்த்தும் வாயைத் திறக்காத எங்கள் டாக்டர் கூட்டம்.

2/ கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, மளிகைக் கடை பில் சரிபார்க்கத் தெரிஞ்சா போதும். படிச்சு முடிக்கும்போது, கையில் ஒரு ரிப்போர்ட் வந்தால் அதை எப்படிப் பார்க்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டாக்டர்களிலேயே பலருக்கு இது தெரியாது. சும்மா சொல்லலை, ஆதாரம் அடுத்ததில்.

3/ ஒரு கேள்வி. ஒரு நோய் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட். நோய் இல்லாதவர்களில் 100க்கு 5 பேருக்கு அது தவறாக பாசிட்டிவ் காட்டும். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் இந்த டெஸ்ட்டை எடுக்கிறார். பாசிட்டிவ். அவருக்கு நோய் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு? மனசுல ஒரு நம்பர் வெச்சுக்கோங்க.

4/ 95 என்று நினைச்சீங்களா? உங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்கு. 1978ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைகளில் டாக்டர்கள், மாணவர்கள் 60 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டாங்க. 27 பேர் சொன்ன பதில் 95 சதவீதம். சரியாகச் சொன்னவங்க 11 பேர்தான். சரியான விடை சுமார் 2 சதவீதம்.

5/ எப்படி 2? ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்க. ஒருத்தருக்கு நோய். அவரை டெஸ்ட் பிடிச்சிடுதுன்னே வைங்க. மீதி 999 பேருக்கு நோய் இல்லை. அவங்களில் 100க்கு 5 வீதம் ஏறக்குறைய 50 பேருக்குத் தவறான பாசிட்டிவ். ஆக மொத்தம் 51 பேர் கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட். உண்மையான நோயாளி அதில் ஒரே ஒருத்தர். 51ல் 1. அவ்வளவுதான் கணக்கு.

6/ இப்போ அதே டெஸ்ட். அதே மெஷின், அதே லேப் டெக்னீஷியன். ஆனால் இந்த முறை வரிசையில் நிற்கிற ஆயிரம் பேரும் அந்த நோயின் அறிகுறிகளோடு வந்தவங்க. பரிசோதித்துப் பார்த்த டாக்டர் "பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று சொன்ன ஆட்கள். 500 பேருக்கு நோய், எல்லாரும் பாசிட்டிவ். நோய் இல்லாத 500 பேரில் 25 பேருக்குத் தவறான பாசிட்டிவ். 525ல் 500. அதாவது 95 சதவீதம்!

7/ திரும்ப ஒருமுறை படிங்க. டெஸ்ட் மாறலை. ரிப்போர்ட்டில் அச்சான வார்த்தையும் மாறலை. ஒருத்தருக்கு அந்த "பாசிட்டிவ்" என்றால் 2 சதவீதம், இன்னொருத்தருக்கு 95 சதவீதம். மாறியது ஒன்றே ஒன்று: டெஸ்ட்டுக்கு முன்னாடி எவ்வளவு சந்தேகம் இருந்தது என்பது. இந்த முன்-சந்தேகம் ரிப்போர்ட்டில் எங்கேயும் அச்சாகாது.

8/ இதற்குப் பெயர் பேயஸ் தேற்றம். பேரைக் கேட்டு பேய் பிசாசுன்னு ஓடாதீங்க. தாமஸ் பேயஸ் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். 1761ல் இறந்தார். அவர் எழுதி வைத்திருந்த கட்டுரையை ரிச்சர்ட் பிரைஸ் என்ற நண்பர் 1763ல் வெளியிட வைத்தார். 1774ல் பிரான்சில் லப்லாஸ் தனியாகவே அதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். 250 வருஷத்துக்கு மேல் பழைய சரக்கு.

9/ தேற்றத்தின் சாரம் மூணே வரி. முதலில் உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். பிறகு ஒரு தகவல் வரும். தகவலின் பலத்தைப் பொறுத்துச் சந்தேகம் ஏறும் அல்லது இறங்கும். அப்படி வந்த புது சந்தேகம்தான் அடுத்த தகவலுக்கு முன்-சந்தேகம். நல்ல டாக்டர், நல்ல மெக்கானிக், நல்ல போலீஸ்காரர் எல்லாரும் பேர் தெரியாமலே இதைத்தான் செய்றாங்க.

10/ இதை எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தர்றாங்களா? தர்றாங்க. கம்யூனிட்டி மெடிசின் பாடத்தில் ஒரு நாலு கட்டம் போட்ட டேபிள் வரும். சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கி மறந்துடுவோம். வார்டில் நோயாளி பக்கத்தில் நின்று "இந்த டெஸ்ட் எழுதறியே, எழுதறதுக்கு முன்னாடி உன் சந்தேகம் எத்தனை சதவீதம்?" என்று கேட்கும் பழக்கம் இல்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாததுதான் பிரச்சினையின் வேர்.

11/ சரி, கணக்கு போதும். ஊருக்கு வருவோம். காய்ச்சல் வந்த ரெண்டாவது நாளே "வைடால்" டெஸ்ட். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா ஊர் லேபிலும் கிடைக்கும். ஃபெர்னாண்ட் வைடால் என்ற பிரெஞ்சு டாக்டர் 1896ல் கொண்டு வந்தது. டைஃபாய்டு கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடியைத் தேடுகிற டெஸ்ட்.

12/ சிக்கல் என்னன்னா, அந்த ஆன்டிபாடி எழும்பவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டைஃபாய்டு புழங்கும் ஊர்களில், நல்லா இருக்கிற ஆட்களின் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். எப்பவோ வந்துபோன தொற்றினால் இருக்கும், போட்ட தடுப்பூசியினால் இருக்கும். வேறு காய்ச்சல்களிலும் எட்டிப் பார்க்கும். ஆக ரெண்டாவது நாள் "வைடால் பாசிட்டிவ்" என்பது மிகப் பலவீனமான தகவல். அதை வைத்து "டைஃபாய்டு" என்று முத்திரை குத்தி, ஊசி ஏற ஆரம்பிச்சிடும்.

13/ "ஊசிதானே சார், போட்டா என்ன குறைஞ்சு போச்சு?" குறையும். இதே தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல் இருக்கு. வேலூர்ப் பக்கம் பல வருஷமா பார்க்கிறாங்க. புதரில், புல்லில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. மழைக்குப் பிறகான குளிர் மாதங்களில் கூடும். டைஃபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதில் வேலை செய்யாது. இதற்கு டாக்சிசைக்ளின் வேணும். விலை மலிவான மாத்திரை.

14/ தாமதமானா நுரையீரல், கிட்னி, மூளை என்று போய் உயிரையே எடுக்கும். இதைச் சந்தேகப்பட என்ன வேணும்? "வயல் வேலையா, ஆடு மேய்க்கப் போறீங்களா?" என்று ஒரு கேள்வி. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கான்னு ஒரு நிமிஷம் பார்ப்பது. எல்லாருக்கும் பொருக்கு இருக்காது. ஆனா இருந்தால், அந்த ஒரு நிமிஷம் பத்து வைடாலுக்குச் சமம். முன்-சந்தேகம் என்பது இப்படித்தான் பிறக்கும். கேட்டும், தொட்டும், பார்த்தும்.

15/ வைடால் பாசிட்டிவ் வந்ததும் தேடல் நின்றுபோவதுதான் ஆபத்து. கையில் ஒரு பதில் கிடைச்சாச்சு, இனி எதுக்குச் சட்டையைக் கழற்றிப் பார்க்கணும்? தவறான பாசிட்டிவ் ஒரு நோயைப் பொய்யாகக் காட்டுவதோடு நிற்பதில்லை. உண்மையான நோயை மறைக்கவும் செய்யும். டைஃபாய்டு என்று நிஜமாகவே சந்தேகம் இருந்தால், ஆன்டிபயாட்டிக் தொடுவதற்கு முன் பிளட் கல்ச்சர் எடுங்க.

16/ அடுத்து பேக்கேஜ் கதை. "60+ டெஸ்ட்டுகள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம், இன்று மட்டும் பாதி விலை". ஒரு ரகசியம் சொல்றேன். பெரும்பாலான ரத்த டெஸ்ட்டுகளுக்கு "நார்மல்" எல்லையை எப்படி வைக்கிறாங்க தெரியுமா? ஆரோக்கியமான ஆட்களை அளந்து, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை நார்மல் என்று வைக்கிறாங்க. மீதி 5 சதவீதம் ஆரோக்கியமானவங்க தானாகவே "அப்நார்மல்".

17/ ஒரு டெஸ்ட் என்றால் 100க்கு 5. இருபது டெஸ்ட் எடுத்தால்? ஒவ்வொன்றும் தனித்தனி என்று வைத்தால், முழு ஆரோக்கியமான ஆளுக்கும் ஒன்றாவது அப்நார்மல் வர 64 சதவீதம் வாய்ப்பு. அறுபது எடுத்தால் 95 சதவீதம். நிஜத்தில் சில டெஸ்ட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் கொஞ்சம் குறையும். ஆனா விஷயம் புரியுதில்லையா? 60 டெஸ்ட் எடுத்தும் சிவப்பில் ஒன்றுகூட வராவிட்டால்தான் அதிசயம்.

18/ அந்தச் சிவப்பு எழுத்து இருக்கே, அதுதான் வியாபாரத்தின் உயிர். பேக்கேஜ் விலை மீன் தூண்டிலில் இருக்கும் புழு. சிவப்பில் ஒரு நம்பர் வந்ததும் ஸ்பெஷலிஸ்ட், ஸ்கேன், மூணு மாசம் கழிச்சு ரிப்பீட், அப்புறம் சிடி. 999 ரூபாய்க்கு ஆரம்பிச்சது எங்கே முடியும்னு கட்டுபவருக்குத்தான் தெரியும். கழுத்தில் இருந்த செயின் அடகுக் கடைக்குப் போன பிறகு எங்க ஓபிக்கு வருவாங்க, "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று.

19/ பேக்கேஜில் "கேன்சர் மார்க்கர்" என்று சேர்த்து விற்பது இன்னும் மோசம். உதாரணம் சிஏ-125. கருப்பை முட்டைப்பை கேன்சர் சந்தேகம் உள்ளவங்களுக்கும், ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவங்களுக்கும் உபயோகமான டெஸ்ட். ஆனால் மாதவிலக்கு நேரத்தில் ஏறும். கர்ப்பத்தில் ஏறும். ஃபைப்ராய்டு கட்டியில் ஏறும். எண்டோமெட்ரியோசிஸில் ஏறும். வயிற்று டிபியில் நல்லாவே ஏறும். எந்தத் தொந்தரவும் இல்லாத முப்பத்தஞ்சு வயசு அக்காவுக்கு இதை எடுத்தால், கேன்சர் கிடைக்க வாய்ப்பு சொற்பம். தூக்கம் கெட வாய்ப்பு அதிகம்.

20/ "இருந்தாலும் ஒரு உயிராவது பிழைக்குமே டாக்டர்?" நியாயமான கேள்வி. உலகம் அதையும் சோதித்துப் பார்த்தாச்சு. அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரை 78 ஆயிரம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வருஷா வருஷம் சிஏ-125, ஸ்கேன் எடுத்தாங்க. 2011ல் முடிவு வெளிவந்தது. கேன்சர் சாவு குறையவில்லை.

21/ குறையாதது மட்டும் இல்லை. அந்தப் பாதியில் 3,285 பேருக்குத் தவறான பாசிட்டிவ். அவர்களில் 1,080 பேருக்கு ஆபரேஷன் வரை போனது. கேன்சர் இல்லாத பெண்களுக்கு ஆபரேஷன்! அதில் 100க்கு 15 பேருக்கு ஒரு கடுமையான சிக்கலாவது வந்தது. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களோடு இன்னும் பெரிய ஆய்வு நடந்தது. அதன் 2021 முடிவும் அதேதான்: சாவு குறையவில்லை. இதற்குப் பிறகும் இந்த டெஸ்ட்டை "பெண்கள் ஸ்பெஷல் பேக்கேஜ்" என்று மகளிர் தினத்தன்று விற்பதற்கு என்ன பெயர் வைப்பது?

22/ தென்கொரியா கதையையும் கேளுங்க. 1999ல் அங்கே அரசின் தேசிய கேன்சர் பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் "இதோ, கொஞ்சம் கூடப் பணம் கொடுங்க, கழுத்து ஸ்கேனும் எடுத்துடலாம்" என்று சேர்த்துக்கொண்டன. 2011ல் தைராய்டு கேன்சர் கண்டுபிடிப்பு 1993ஐ விட 15 மடங்கு. ஒரே வருஷத்தில் 40 ஆயிரம் பேருக்கு மேல். தைராய்டு கேன்சரால் சாவு? கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

23/ கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஆபரேஷன் நடந்தது. பலருக்கு ஆயுசு முழுக்க தைராய்டு மாத்திரை. சிலருக்கு குரல் நரம்பு பாதிப்பு. இத்தனைக்கும் ஃபின்லாந்தில் 1985லேயே சொல்லிட்டாங்க: வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை நுணுக்கமாக வெட்டிப் பார்த்ததில் 36 பேரிடம் சின்னச் சின்ன கேன்சர் இருந்தது. அவங்க வாழ்நாளில் அது ஒரு தொந்தரவும் கொடுக்கலை. இங்கே ரிப்போர்ட் தவறில்லை, கேன்சர் நிஜம்தான். "இது இந்த ஆளுக்குத் தீங்கு செய்ய எவ்வளவு வாய்ப்பு?" என்ற முன்-கேள்வியைத்தான் யாரும் கேட்கலை.

24/ 2014ல் கொரிய டாக்டர்கள் சிலரே வெளிப்படையாகக் கடிதம் எழுதி இதை நிறுத்தச் சொன்னாங்க. அடுத்த வருஷமே ஆபரேஷன் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. டாக்டர்கள் வாயைத் திறந்தால் மாறும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

25/ நம்ம நாட்டிலும் நல்ல முன்னுதாரணம் இருக்கு. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டிபி கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு டெஸ்ட் பல வருஷம் தனியார் லேப்களில் ஓடியது. நோய் இருப்பவரை விடும், இல்லாதவரைப் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2011ல் இதைப் பயன்படுத்தாதீங்க என்றது. 2012ல் இந்திய அரசு தடையே போட்டது. ஒரு டெஸ்ட் கெட்டது என்றால் தடை செய்ய முடியும்னு அன்றைக்கே காட்டியாச்சு.

26/ இன்னொரு பெருமை. அரசு ஐசிடிசி மையத்தில் எச்ஐவி டெஸ்ட் எப்படி நடக்குது பாருங்க. அறிகுறி இல்லாத ஒருவருக்கு முதல் டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் "உனக்கு எச்ஐவி" என்று சொல்லி அனுப்புவதில்லை. வேறு வேறு விதமாக வேலை செய்யும் இன்னும் இரண்டு டெஸ்ட். மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு. இத்தனைக்கும் அந்த டெஸ்ட்டுகள் ஒவ்வொன்றும் தனியாகவே ரொம்பத் துல்லியமானவை. முன்-சந்தேகம் குறைவு என்பதால் இத்தனை ஜாக்கிரதை. பேயஸ் பேரைச் சொல்லாமலே பேயஸ் கணக்கு.

27/ "வேறு வேறு விதமாக" என்பதை அடிக்கோடு போடுங்க. அதே லேபில் அதே வைடாலை மூணு தடவை எடுத்து மூணும் பாசிட்டிவ் என்றால் அது மூணு சாட்சி இல்லை. ஒரே சாட்சி மூணு தடவை அதையே சொல்றார். புதுத் தகவல் வேணும்னா வேறு கோணத்திலிருந்து வரணும்.

28/ இதுவரை பாசிட்டிவ் பற்றி. நெகட்டிவும் ஏமாற்றும். நிஜமான டெஸ்ட்டுகள் சில நோயாளிகளை விட்டுவிடும். 100 நோயாளிகளில் 10 பேரை விடுகிற டெஸ்ட் என்று வைங்க. பாதிக்குப் பாதி சந்தேகம் உள்ள அந்த ஆயிரம் பேரில் 500 பேருக்கு நோய், 50 பேர் தப்பிடுவாங்க. நோய் இல்லாத 500ல் 475 பேர் சரியாக நெகட்டிவ். ஆக 525 நெகட்டிவ் ரிப்போர்ட்டில் 50 பேர் நோயாளிகள். பத்தில் ஒருத்தர்!

29/ அதனால்தான் இதைச் சொல்றேன். நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கை வலி, சர்க்கரை நோயாளி வேற. முதல் ஈசிஜி நார்மல். "ஒண்ணும் இல்லை, கேஸ்தான்" என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது. சந்தேகம் அவ்வளவு பெரிசா இருக்கும்போது ஒரு நார்மல் ஈசிஜி அதைக் கொஞ்சம் குறைக்கும், துடைத்துவிடாது. மறுபடி ஈசிஜி, ட்ரோபோனின், கண்காணிப்பு எல்லாம் வேணும்.

30/ இங்கே முன்-சந்தேகத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லணும். அது தப்பாகவும் இருக்கலாம். "பொம்பளைங்களுக்கு எங்கே ஹார்ட் அட்டாக் வரும்" என்று மனசில் பூஜ்யம் போட்டு வைத்தவர் முன்னால், மூச்சு வாங்குதுன்னு ஒரு அம்மா வந்து நின்றால்? பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். எந்த ஈசிஜியும் அந்த டாக்டரின் கண்ணைத் திறக்காது. அதனால் விதி: சந்தேகம் குறைவா இருக்கலாம், பூஜ்யமா இருக்கக்கூடாது.

31/ "அப்போ இது வெறும் யூகம்தானே? சயின்ஸ் என்றால் யூகம் இல்லாம இருக்கணுமே?" என்று படித்தவங்களே கேட்பாங்க. யூகம் இல்லாத டாக்டர் கிடையாது. நீங்க ரூமுக்குள்ள நடந்து வரும்போதே யூகம் ஆரம்பிச்சிடும். அதை மனசுக்குள் ஒளிச்சு வைக்கிறோமா, வெளியே எழுதி வைக்கிறோமா என்பதுதான் வித்தியாசம். எழுதி வைத்த யூகத்தைக் கேள்வி கேட்கலாம், திருத்தலாம். ஒளிச்சு வைத்ததை ஒண்ணும் பண்ண முடியாது.

32/ ஆராய்ச்சி பண்ற தம்பி தங்கச்சிகளே, பயாலஜி, மைக்ரோபயாலஜி, பிஜி தீசிஸ் எழுதறவங்களே, இது உங்களுக்கு. "பி வேல்யூ 0.05க்குக் கீழே வந்துடுச்சு, அப்போ என் கண்டுபிடிப்பு 95 சதவீதம் உண்மை" என்று நினைப்பது, மூன்றாவது ட்வீட்டில் 95 என்று பதில் சொன்ன அதே தப்பு.

33/ கணக்கு பாருங்க. ஆயிரம் யோசனைகளைச் சோதிக்கிறோம். நிஜமாகவே உண்மையானவை 100 என்று வைப்போம். நல்ல ஆய்வு அதில் 80ஐப் பிடிக்கும். பொய்யான 900ல் 100க்கு 5 வீதம் 45 தற்செயலாக "சிக்னிஃபிகன்ட்" ஆகிடும். ஆக 125 "கண்டுபிடிப்பு"களில் 45 பொய். மூன்றில் ஒன்றுக்கு மேல். யோசனைகள் இன்னும் அசட்டுத்தனமாக இருந்தால் பொய் இன்னும் கூடும். பி வேல்யூவுக்கு உங்கள் யோசனை எவ்வளவு நம்பத்தக்கது என்பது தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியணும்.

34/ எங்கே ஆரம்பிப்பது? சாஃப்ட்வேரில் வேண்டாம். தாளில் ஆரம்பிங்க. ஆய்வுக்கு முன்பே "இது உண்மையா இருக்க எவ்வளவு வாய்ப்பு, ஏன்?" என்று ஒரு பத்தி எழுதி தேதி போடுங்க. பிறகு டேட்டா வரட்டும். ஆயிரம் பேர் கணக்கு போட்டுப் பாருங்க. உங்க முன்-சந்தேகத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி மறுபடி போடுங்க. முடிவு தலைகீழாக மாறினால், உங்க டேட்டா இன்னும் போதலைன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் அதற்கப்புறம்.

35/ சக டாக்டர்களுக்கு. "எடுக்கலைன்னா நாளைக்கு கேஸ் போடுவாங்க" என்ற பயம் எனக்கும் புரியுது. ஆனால் தேவையில்லாத டெஸ்ட் நம்மைக் காப்பாற்றாது. எழுதி வைத்த காரணம்தான் காப்பாற்றும். ஓபி சீட்டில் ஒரு வரி: "டெங்கு சந்தேகம் அதிகம், 3வது நாள், எனவே என்எஸ்1". அல்லது "டைஃபாய்டு சந்தேகம் குறைவு, வைடால் தேவையில்லை, 2 நாளில் வரச் சொல்லியிருக்கு". பத்து விநாடி வேலை. ரிப்போர்ட் எப்படி வந்தால் சிகிச்சை மாறும்னு சொல்ல முடியாத டெஸ்ட்டை எழுதவே எழுதாதீங்க.

36/ லேப் கம்பெனிகளுக்கு. விளம்பரத்தில் "99% துல்லியம்" என்று பெரிசா போடறீங்களே, பக்கத்திலேயே இதையும் போடுங்க: "அறிகுறி இல்லாத ஆயிரம் பேர் இந்த டெஸ்ட்டை எடுத்தால் இத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வரும், அவர்களில் இத்தனை பேருக்குத்தான் நோய் இருக்கும்". போட முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு மக்களுக்குச் சொல்லுங்க. சிகரெட் அட்டையிலேயே எச்சரிக்கை போடும் நாட்டில் இது பெரிய விஷயம் இல்லை.

37/ "நீங்க ஜிஹெச் டாக்டர், அங்கே வசதி இல்லை, அதான் இப்படிப் பேசறீங்க" என்று கமென்ட் வரும். வரட்டும். அரசாங்கமே எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்கு டெஸ்ட் பண்ணச் சொல்லுது தெரியுமா? 30 வயசு தாண்டினால் பிபி, சுகர். வாய், மார்பகம், கருப்பை வாய் கேன்சர் பரிசோதனை. 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபியும் சுகரும் வீட்டுக்கே வந்து பார்க்கிறாங்க.

38/ அதை ஏன் ஆதரிக்கிறேன்? பிபியும் சுகரும் நம்ம ஊரில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கு, அதாவது முன்-சந்தேகம் அதிகம். டெஸ்ட் மலிவு. கண்டுபிடித்தால் வைத்தியம் இருக்கு, அந்த வைத்தியம் பக்கவாதத்தையும் கிட்னி பழுதையும் குறைக்கும். கருப்பை வாயில் கேன்சர் ஆவதற்கு முன்பே பிடித்து எடுத்துடலாம். கூச்சப்பட்டுக்கொண்டு இந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடும் அம்மாக்களே, அறுபது டெஸ்ட் பேக்கேஜை விட இது ஒன்று உங்களுக்கு மேல். இலவசம் என்பதால் மட்டமில்லை.

39/ பொதுமக்களுக்கு நாலு கேள்வி. டெஸ்ட் எழுதினால் மரியாதையா, தைரியமா கேளுங்க.
ஒன்று: எனக்கு என்ன இருக்கும்னு சந்தேகப்படறீங்க?
ரெண்டு: அந்தச் சந்தேகம் அதிகமா, குறைவா?
மூணு: பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீங்க, நெகட்டிவ் வந்தால் என்ன செய்வீங்க?
நாலு: ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்னா இந்த டெஸ்ட் எதுக்கு?
நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். ஓபியில் கூட்டம் இருந்தால் பதில் சுருக்கமா வரும், அவ்வளவுதான்.

40/ தொந்தரவு இருந்தால் தள்ளிப்போடாதீங்க. காரணமில்லாமல் எடை குறையுது, ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, ஆறாத வாய்ப்புண். இதெல்லாம் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. அங்கே முன்-சந்தேகம் நிஜமானது, டெஸ்ட்டுக்கு அர்த்தம் இருக்கு. இந்த த்ரெட்டைக் காட்டி அந்த டெஸ்ட்டைத் தவிர்த்தால் நான் சொன்னதைத் தலைகீழாகப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

41/ கையில் ஏற்கெனவே சிவப்பு எழுத்து ரிப்போர்ட் இருக்கா? கூகுளில் தேடி ராத்திரி முழுக்க முழிச்சிருக்காதீங்க. ரிப்போர்ட்டோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஜிஹெச்சுக்கோ உங்க குடும்ப டாக்டரிடமோ போங்க. "எந்தத் தொந்தரவும் இல்லாமல் எடுத்தது" என்பதை முதல் வாக்கியமா சொல்லுங்க. அந்த ஒரு வாக்கியம் அந்த ரிப்போர்ட்டின் அர்த்தத்தையே மாற்றும்.

42/ வீட்டில் அப்பா அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக "ஃபுல் பாடி செக்கப்" புக் பண்ணப் போற பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்க. அந்தக் காசில் வீட்டுக்கு ஒரு நல்ல பிபி மெஷின் வாங்கிக் கொடுங்க. மீதியில் அவங்களுக்குப் பிடிச்ச ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க.